ஏற்கெனவே குணமானவர்

காயில்காரர் குடியை விடுவதென்று முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. ஊரின் இரண்டு மதுக்கடைகளும் பத்து மணிக்கே திறந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த முடிவின் கனம் தெரியும்.

எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்று எண்ணிக் காயிலாகக் கட்டுவது அவர் தொழில். எண்ணிக்கை பிசகினால் மோட்டார் மறுபடி எரியும். அந்த வாரம் பிசகியது. ஊருக்குக் குடிநீர் ஏற்றும் மோட்டாருக்கு அறுபத்திரண்டு சுற்றுக்குப் பதில் ஐம்பத்தெட்டு சுற்றிவிட்டார். மூன்று நாள் ஊரே குடமும் கையுமாக அலைந்தது. யாரும் திட்டவில்லை. "பாவம், அவர் நிலைமை அப்படி" என்று சொல்லிவிட்டு அவர் கடையைத் தாண்டிப் போனார்கள். திட்டியிருந்தால் ஒரு குவார்ட்டரோடு மறந்திருப்பார். பாவம் என்றதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

நேராகத் தையல் கடைக்குப் போய் அக்காவிடம் சொன்னார். அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதனால் பேச்சு சுருக்கம்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா."

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். "அப்ப வியாழக்கிழமை டாக்டரைப் பாப்போம். போன மழைக்காலத்துல நீயா நிறுத்தறேன்னு வீம்பு பிடிச்சு மூணாம் நாள் வலிப்பு வந்து விழுந்தியே, அந்தக் கூத்து வேணாம்."

அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற ஆறு நாளும் சிஸ்டர் ஒருத்திதான் எல்லாமும். வியாழனன்று டாக்டர் அவர் கண்ணையும் நாக்கையும் பார்த்து, நீட்டிய கை ஆடுவதையும் பார்த்தார்.

"நீங்களா திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. படுக்கையில வச்சு, மாத்திரை குடுத்து, பத்து நாள் கூடவே இருந்து பாக்கணும். இங்க எனக்குப் படுக்கை கிடையாது. நகரத்துல உயர் மறுவாழ்வு மையம் இருக்கு, அங்க போங்க. போற வரைக்கும் ஒரேயடியா நிறுத்தாதீங்க, குறைச்சுக்கங்க."

நகரத்துக்கு ஏழு மணி நேரப் பயணம். நாளொன்றுக்கு ஒரே பஸ். அக்கா ஒரு குவார்ட்டர் பாட்டிலைச் சீருடைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கை நடுக்கம் கூடும்போதெல்லாம் இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றிக் கொடுத்தாள். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். நாற்பத்து மூன்று வயதுப் பிள்ளை மூடியை நக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

மையம் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக ஜொலித்தது. வாசலில், "தயக்கமின்றி உள்ளே வாருங்கள்" என்று ஆளுயர எழுத்து. அதற்கு அடியில் நின்ற காவலர் ஒரு குழாயை நீட்டினார்.

"ஊதுங்க."

ஊதினார். குழாயோடு இருந்த கருவி வீல் என்று கத்தியது.

"குடிச்சிருக்கீங்க," என்றார் காவலர் வருத்தத்தோடு.

"ஆமாங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"குடிச்சுட்டு வர்றவங்களை உள்ள விடக் கூடாதுங்க. மூணு நாள் குடிக்காம இருந்துட்டு வாங்க."

"மூணு நாள் குடிக்காம இருக்க முடிஞ்சா நான் எதுக்குங்க ஏழு மணி நேரம் பஸ்ல வரப்போறேன்?"

"எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம். பதில் வரல."

அக்கா முன்னால் வந்தாள். "நிறுத்தினா இவனுக்கு வலிப்பு வரும்."

"வலிப்பு வந்தா வலிப்புப் பிரிவு. அது ஆத்துக்கு அந்தப் பக்கம். ஆனா குடியை நிறுத்தினதால வந்த வலிப்புன்னா அங்க சேக்க மாட்டாங்க. இங்க அனுப்புவாங்க."

"இங்க வந்தா?"

"ஊதச் சொல்லுவோம்."

காவலர் நல்ல மனுஷர். குடித்துவிட்டு வருகிறவர்களின் வசதிக்காகப் பக்கவாட்டுச் சுவரில் ஒரு சன்னல் இருப்பதைக் காட்டினார். அதற்குள் உட்கார்ந்திருந்த பெண் காயில்காரரின் அடையாள அட்டை எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வாழ்த்துகள்!"

"எதுக்குங்க?"

"நீங்க ஏற்கெனவே குணமாயிட்டீங்க. போன வருஷம், உங்க ஊர் மையத்துல, நாலாம் நம்பர் படுக்கை. பதினோரு நாள் இருந்திருக்கீங்க. நல்ல ஒத்துழைப்புன்னு போட்டிருக்கு."

காயில்காரர் திருதிருவென்று விழித்தார். குடித்துவிட்டு அவர் மறந்துபோன விஷயங்கள் நிறைய உண்டு. ஒருமுறை சைக்கிளை எங்கே விட்டோம் என்று தெரியாமல் ஒரு மாதம் தேடியிருக்கிறார். அதனால் சட்டென்று மறுக்கவும் துணிவு வரவில்லை. "அக்கா, நான் போன வருஷம் எங்கேயாச்சும் படுத்திருந்தேனா?" என்று காதோடு கேட்டார்.

"படுத்திருந்தே. சாக்கடை ஓரத்துல," என்றாள் அக்கா. பிறகு சன்னலைப் பார்த்து, "எங்க ஊர்ல அப்படி ஒரு மையமே இல்லம்மா," என்றாள்.

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். மலைமுகட்டில், பாலைவெளியில், தீவில், மனுஷன் கால் படாத இடங்களிலெல்லாம் புள்ளி. அவர்கள் ஊரின் மேல் கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒன்று. "பத்துப் படுக்கை. தொண்ணூத்தாறு சதவீத வெற்றி. உங்க ஊர்ல இருக்கறது உங்களுக்கே தெரியலையா?" என்றாள், இரக்கத்தோடு. உடனே ஓர் அச்சு இயந்திரம் கரகரத்து, முழுமையாகக் குணமடைந்தவர் என்ற சான்றிதழைத் துப்பியது.

சான்றிதழைப் பார்த்ததும் காவலர் விறைப்பாகச் சலாம் வைத்தார். "குணமானவங்க ஊத வேண்டியதில்லைங்க. உள்ள போங்க."

இப்படியாக, வாயில் வாடையோடும் கையில் சான்றிதழோடும் காயில்காரர் இயக்குநரின் அறைக்குள் போய்ச் சேர்ந்தார்.

இயக்குநர் எழுந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டார். வாடை அடித்திருக்க வேண்டும். ஒரு நொடி முகம் சுருங்கியது. ஆனால் சான்றிதழ் கண்ணெதிரே இருந்ததால் மூக்கை நம்பவில்லை.

"உக்காருங்க. உங்களை மாதிரி ஆளைத்தான் தேடிட்டிருந்தோம். தொலைவுங்கறது கிலோமீட்டர்ல இல்ல, மனசுல இருக்கு. அதை நாங்க ஒழிச்சுட்டோம். மூணு வருஷம் முன்னால வரைக்கும் தொலைதூர ஊர்கள்லேர்ந்து மாசம் நாப்பது பேர் இங்க வந்து நிப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கிடப்பாங்க. இன்னைக்கு ஒருத்தர் உண்டா? ஏன் வரல? அங்கங்கேயே குணமாயிடறாங்க!"

"இல்லைங்க, சன்னல்லயே திருப்பி அனுப்பிடறாங்க," என்றார் காயில்காரர், உதவும் எண்ணத்தில்.

"அதேதான். வரவேண்டிய அவசியமே இல்லைன்னு எடுத்துச் சொல்றோம்."

அக்கா குறுக்கிட்டாள். "சார், இவன் குணமாகல. இப்பவும் குடிக்கிறான். ஒரு படுக்கை குடுங்க, போதும்."

இயக்குநரின் முகம் வாடியது. "அம்மா, குணமானவருக்கு எப்படிப் படுக்கை குடுக்க முடியும்? குணமாகி மறுபடி விழுந்தவர்னு ஒரு படிவம் இருக்கு. வடிவமைச்சுட்டோம். அச்சடிக்கல. அச்சடிச்சா எங்க சிகிச்சை மேல எங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். தொண்ணூத்தாறு சதவீதம்னா சும்மாவா? அது ஒரு குழந்தை மாதிரிம்மா. பொத்திப் பொத்தி வளர்த்திருக்கோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மூணாம் ஆண்டு விழா. தொலைதூரப் பயனாளி ஒருத்தர் மேடையேறணும். இவர் ஏறட்டும். விழா முடியட்டும், படுக்கை விஷயம் பரிசீலிக்கலாம்."

வெளியே வந்ததும் காயில்காரர், "வேணாம்க்கா, ஊருக்கே போயிடலாம்," என்றார்.

"ஏறுடா. மேடையில மைக் இருக்கும். நாலு பேர் முன்னால படுக்கை வேணும்னு கேளு. இல்லைன்னு எப்படிச் சொல்றாங்கன்னு பாப்போம்."

மறுநாள் காலை அரங்கம் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் கோட்டு போட்டவர்கள். மேடைக்குப் பின்னால் காத்திருந்த காயில்காரருக்குக் கை ஆட ஆரம்பித்து, தோள் வரை ஏறியது. அக்காவைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மருந்து மூடி அவளிடம். வியர்த்து ஊற்றியது. இயக்குநரின் உதவியாளர் வந்து பார்த்தார். மிரண்டுபோய் ஓடினார். ஐந்து நிமிஷத்தில் ஒரு காகிதக் குவளையோடு திரும்பினார்.

"சார் குடுக்கச் சொன்னார்."

காயில்காரர் முகர்ந்தார். ஜூஸ் நிறம், ஆனால் ஜூஸ் இல்லை. பத்து வருஷப் பழக்கத்தில் மூக்கு ஏமாறாது.

"இது... இங்கேயா?"

"விழாவுக்காகச் சிறப்பு அனுமதி. மேடையில கை ஆடக் கூடாதாம். சீக்கிரம் குடிங்க, உங்க பேரைச் சொல்லிட்டாங்க."

குடித்தார். குடியை விடுவதற்காக வந்த இடத்தில், குடியை விட்டவர் என்ற மரியாதையைப் பெற்றுக்கொள்வதற்காகக் குடித்தார். கை நின்றது. மேடைக்குப் போனார். இயக்குநர் அவர் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

"பாருங்க இந்தக் கையை! கொஞ்சமாவது ஆடுதா? இதுதான் நம்ம சிகிச்சை!"

அரங்கம் அதிர்ந்தது. 'மறுவாழ்வின் முன்னோடி' என்று பொறித்த கேடயத்தைக் கொடுத்து, மைக்கை நீட்டினார்கள். காயில்காரர் கூட்டத்தில் அக்காவைத் தேடிக் கண்டுபிடித்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்கு ஒரு படுக்கை வேணும்," என்றார்.

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரு கணம்தான். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"கேட்டீங்களா! தான் குணமான பிறகும், தன்னை மாதிரி துன்பப்படற ஒவ்வொருத்தரையும் 'நான்'னு நினைச்சு அவங்களுக்காகப் படுக்கை கேக்குறார்! இதைவிட மறுவாழ்வு வேற என்ன?"

முன்வரிசைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து நின்று கைதட்டினார்கள். காயில்காரர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் இசைக்குழு ஆரம்பித்துவிட்டது.

விழா முடிந்ததும் படுக்கை விஷயம் பரிசீலிக்கப்பட்டது. காரில் ஏறப் போன இயக்குநர் கண்ணாடியை இறக்கி, "பரிசீலிச்சேன்மா, வாய்ப்பில்லை," என்றார்.

அக்கா அழவில்லை, சண்டை போடவும் இல்லை. நேராக உதவியாளரிடம் போய், "எங்க ஊர் மையத்தோட விலாசத்தை எழுதிக் குடுங்க," என்றாள். உதவியாளர் திரையைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். குடிநீர் மோட்டார் அறைக்குப் பின்புறம்.

காயில்காரர் மாதத்துக்கு நான்கு முறை போகும் இடம் அது. மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு நீளக் கட்டடம் உண்டு. பூட்டியே கிடக்கும். சிமெண்டு கோடவுன் என்று ஊரே நினைத்திருந்தது. அதன் வாசலில் ஒரு காவலாளி நாற்காலி போட்டு இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தார். கேட்டால், "சாமான் இருக்கு, யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு," என்பார்.

ஊர் திரும்பிய மறுநாள் அக்கா, தம்பி, சிஸ்டர் மூவரும் அங்கே போய் நின்றார்கள்.

"சாமான் இருக்கு, யாரையும் விடக் கூடாதுன்னு..."

"புது ஆளைத்தானே விடக் கூடாது?" என்றாள் அக்கா. சான்றிதழையும் கேடயத்தையும் அவர் மடியில் வைத்தாள். "இவன் ஏற்கெனவே உள்ள இருந்தவன். நாலாம் நம்பர். படிச்சுப் பாருங்க."

காவலாளி படித்தார். முத்திரை அசல். கையெழுத்து அவருக்குச் சம்பளம் போடுகிற அதே கையெழுத்து. இரண்டு வருஷத்தில் தான் காவல் காத்தது என்னவென்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. சாவியை எடுத்தார்.

உள்ளே பத்துக் கட்டில்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரிசையாக நின்றன. அலமாரி நிறைய மருந்து. சிஸ்டர் ஒவ்வொரு அட்டையாக எடுத்துத் தேதி பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் ஒரு அட்டை கேட்டு ஆறு மாசமா எழுதிட்டிருக்கேன்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மேசை மேல் தடிமனாகப் பதிவேடு. வாக்காளர் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அகர வரிசை அப்படியே இருந்தது. பள்ளித் தலைமையாசிரியை மிதமான குடிநோயிலிருந்து மீண்டிருந்தார். காவலாளி ஒன்பதாம் நம்பரில் பதினொரு நாள் படுத்திருந்தார். வாழ்நாளில் இருமல் மருந்தைக்கூட முகம் சுளித்துக் குடிக்கும் அக்கா, தீவிரக் குடிநோயாளியாக வந்து, "கைகலப்பில் ஈடுபடும் சுபாவம்" என்ற குறிப்போடு குணமாகிப் போயிருந்தாள்.

"இதை எழுதினவனைக் கண்டா அந்தக் குறிப்பை உண்மையாக்கிடுவேன்," என்றாள்.

வியாழன் வரை மூடியளவிலேயே ஓட்டினார்கள். வியாழனன்று டாக்டர் வந்தார். கட்டில்களைப் பார்த்தார், மருந்தைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் சீட்டு எழுதினார். காயில்காரர் தான் ஒரு வருஷம் முன்பே காலி செய்திருந்த நாலாம் நம்பர் படுக்கையில் முதல்முறையாகப் படுத்தார்.

அந்தப் பத்து நாளைப் பற்றி வேடிக்கையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகக் கத்தினார். மூன்றாம் நாள் அக்காவை அடையாளம் தெரியாமல், "நீ யாரு? என் கம்பியை எடுத்துட்டுப் போக வந்தியா?" என்று கேட்டார். சிஸ்டர் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி பார்த்து மாத்திரை கொடுத்தாள். அக்கா தையல் மிஷினையே அங்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். வலிப்பு வரவில்லை. ஐந்தாம் நாள் கண் திறந்து, மிஷின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அக்கா, பசிக்குது," என்றார். அக்கா வாயிலிருந்த குண்டூசிகளைத் துப்பிவிட்டு அப்போதுதான் அழுதாள்.

ஊரில் காதோடு காதாகச் செய்தி பரவியது. முதலில் கல்லுடைப்பவர் வந்தார். அப்புறம் தபால்காரர். அப்புறம் தன் மனைவி முன்னே நடக்க லாரி டிரைவர். ஒவ்வொருவரும் பதிவேட்டில் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்து, தங்களுக்கென்று எழுதப்பட்டிருந்த நம்பரிலேயே படுத்துக்கொண்டார்கள். எந்தக் குழப்பமும் இல்லை.

மாட்டிக்கொண்டது மின்சாரத்தால். இரண்டு வருஷமாகப் பூஜ்யத்தில் நின்ற மீட்டர் ஓடத் தொடங்கியதும் நகரத்துக் கணினியில் சிவப்பு எச்சரிக்கை விழுந்தது. காயில்காரரின் பன்னிரண்டாம் நாளில் இயக்குநர் உதவியாளரோடு காரில் வந்து இறங்கினார். உள்ளே நுழைந்தவர் நின்ற இடத்திலேயே உறைந்தார். நான்கு கட்டில்களில் ஆள்.

"யார் இவங்கள்லாம்?"

"நோயாளிங்க சார்," என்றாள் சிஸ்டர்.

"நோயாளிங்களா! இங்கேயா? யாரைக் கேட்டு உள்ள விட்டீங்க?" குரல் கீச்சிட்டது. "இது எப்படிப்பட்ட மையம் தெரியுமா? மூணு விருது வாங்கின மையம். ஒரு புகார் கிடையாது, ஒரு சாவு கிடையாது, பாதியில ஓடிப்போனவங்க கிடையாது. அப்படி வச்சிருந்த இடத்துல நிஜ ஆளுங்களைக் கொண்டுவந்து படுக்க வச்சிருக்கீங்களே! நிஜ ஆளுன்னா பாதிப் பேர் மறுபடி குடிப்பான். அப்ப தொண்ணூத்தாறு என்ன ஆகும்?"

காயில்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்குக் குணமாயிடுச்சு சார்."

"நீங்க போன வருஷமே குணமாயிட்டீங்க! இப்ப குணமானதை நான் எந்தக் கணக்குல எழுதறது?"

உதவியாளரைப் பார்த்துக் கை நீட்டினார். "எல்லாரையும் வெளியேத்து. பராமரிப்புக்காக மூடப்பட்டதுன்னு கதவுல ஒட்டு."

ஆறாம் நம்பரில் லாரி டிரைவர் போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அது இரண்டாம் நாள். சிஸ்டர் அந்தக் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள். "இவரை இப்ப வெளிய அனுப்பினா வலிப்பு வந்துடும். உயிர் போயிடும் சார்."

"மேலிட உத்தரவும்மா."

காயில்காரர் பதிவேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் குத்தலாகப் பேசத் தெரிந்தவர் இல்லை. உண்மையாகவே வழி கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"அப்ப ஒரு வரி எழுதிடுங்க சார். ஆறாம் நம்பர் நோயாளியை, நடுக்கத்தோட, நீங்கதான் வெளிய அனுப்பச் சொன்னீங்கன்னு. கீழ கையெழுத்து. நானே பிடிச்சு அவரை வாசல்ல விட்டுடறேன்."

இயக்குநர் பேனாவை வாங்கினார். காகிதத்துக்கு மேல் பேனா நின்றது. நோயாளியை வெளியேற்ற வேண்டுமென்றால் நோயாளி இருந்தார் என்று எழுத வேண்டும். எழுதினால் இருந்ததாக ஆகிவிடும். முப்பது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு பொறியில் அவர் மாட்டியதில்லை. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க நான் யாரையும் பாக்கல," என்றார்.

வெளியே போய் முன்கதவைச் சாத்தி, பூட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். உள்ளே இருந்த நான்கு பேரும் அக்காவும் சிஸ்டரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், பின்கதவு?" என்றார் உதவியாளர்.

"வரைபடத்துல பின்கதவு இருக்கா?"

உதவியாளர் விரித்துப் பார்த்தார். "இல்ல சார்."

"அப்ப இல்ல."

கார் போய்விட்டது. நகரத்துத் திரையில் பச்சைப் புள்ளி அணையவில்லை. விருது வாங்கிய புள்ளியை அணைக்க ஒரு விதியும் இல்லை. புள்ளி எரிகிறவரை மருந்து மாதாமாதம் வந்தது. காவலாளி வாங்கி, கையெழுத்துப் போட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய் சிஸ்டரிடம் கொடுத்தார். லாரி டிரைவர் பிழைத்தார். தபால்காரர் இரண்டு மாதம் தாங்கி, மறுபடி விழுந்து, திரும்பி வந்து ஏழாம் நம்பரில் படுத்தார். அவருக்கு யாரும் படிவம் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம். மோட்டார் அறையில் காயில்காரர் சுற்று எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு. பக்கத்து மலையூரிலிருந்து ஒரு பெண் தன் புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அரக்கு முத்திரையைப் பார்த்தாள். ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் விழுந்துவிட்டது.

"மூடியிருக்குன்னு போட்டிருக்கேண்ணா? அஞ்சு மணி நேரம் நடந்தும் பஸ்லயுமா வந்தோம்."

காயில்காரர் முப்பத்தெட்டில் கம்பிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆமாம்மா, மூடித்தான் இருக்கு. இந்தப் பக்கமா வாங்க."